டிக்ரி கையில், பணம் கஜானாவில்!

பஸ் ஸ்டாண்டில் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு காகிதத்துடன் கோர்ட்டு அமீனா வருகிறார். பக்கத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா. பஸ் ஜப்தி என்கிறார்கள். பயணிகள் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி இறங்குகிறார்கள். காலிப் பஸ் கோர்ட்டு வளாகத்துக்குப் போய் மரத்தடியில் நிற்கிறது. மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி: அரசு பஸ் ஜப்தி.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சி நடக்காத ஜில்லா இல்லை. கலெக்டர் ஆபீசின் ஜீப்பும், கோட்ட ஆபீசின் மேஜை நாற்காலிகளும் இப்படியே ஜப்திக்கு வருகின்றன. படிப்பவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். சர்க்காரின் நாற்காலியையே தூக்க வந்துவிட்டார்களே என்று ஒரு வேடிக்கை!

நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜப்திக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு பிணம் இருக்கிறது. அல்லது பறிபோன ஒரு நிலம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நமது விவசாயத் தொழிலாளர் சங்க ஆபீசுக்கு ஒரு தாய் வந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைப்பவர். சைக்கிளில் வந்துகொண்டிருந்த கணவரைச் சர்க்கார் பஸ் அடித்துப் போட்டுவிட்டது. வழக்கு நடந்தது. நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு வந்து ஆறு வருஷம் ஆகிறது. நகலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மழைக்கு நனையாமல் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்து எடுத்து வந்திருந்தார். மடிப்புகள் கிழிந்துவிட்டன. கையெழுத்தும் முத்திரையும் மட்டும் பளிச்சென்று இருந்தன. அவர் கேட்டது ஒரே கேள்வி: "சர்க்கார் மேலே கேஸு போட்டு ஜெயிச்சாச்சு தோழரே. இனிமே யார் மேலே போடணும்?"

அந்தத் தாயின் கேள்வியைத்தான் இந்த வாரம் நமது வாசகர்கள் முன் வைக்கிறோம். கோர்ட்டு கொடுக்கச் சொன்ன பணத்தைச் சர்க்கார் கொடுக்காவிட்டால் என்ன செய்வது?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மோட்டார் விபத்துத் தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. லாரி முதலாளி என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டும். சர்க்கார் போக்குவரத்துக் கழகங்களுக்கோ இன்ஷூரன்ஸிலிருந்து விலக்குத் தர அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஒரே நிபந்தனை: நஷ்டஈடு கொடுப்பதற்கென்று தனி நிதி ஒன்றை வைத்து நடத்த வேண்டும். விலக்கை வாங்கிக்கொள்வார்கள், நிதியில் போதுமான பணம் போடமாட்டார்கள். அதன் விளைவுதான் கோர்ட்டு வளாகத்தில் நிற்கும் காலிப் பஸ்.

அப்பீல் என்று ஒன்று இருக்கிறது. 25,000 ரூபாய், அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் ஹைக்கோர்ட்டில் அப்பீல் தாக்கல் செய்யலாம். ஆகவே 15 லட்சம் ரூபாய் தீர்ப்பானாலும் 25,000 கட்டினால் கதவு திறக்கும். பிறகு ஸ்டே, வாய்தா, மறுபடி வாய்தா. செத்தவனுடைய பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போய்விடுகிறான்.

நிலம் பறிகொடுத்தவர்களின் கதை இதைவிட நீளம். 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட நில எடுப்புச் சட்டத்தின் கீழ் சர்க்கார் நிலத்தை எடுத்தது. விலையை அதிகாரியே நிர்ணயித்தார். அது போதாதென்று குடியானவன் கோர்ட்டுக்குப் போனான். கோர்ட்டு விலையை உயர்த்தியது. கூடுதல் தொகைக்கு முதல் வருஷம் 9 சதம், அதற்குப் பிறகு 15 சதம் வட்டி தர வேண்டும் என்பது சட்டம். 1 லட்ச ரூபாய் பாக்கியைப் பத்து வருஷம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறையும். இந்த வட்டியை எந்த மந்திரி தன் பையிலிருந்து கொடுக்கிறார்? எந்தச் செயலாளர் கொடுக்கிறார்? நம்முடைய வரிப் பணத்திலிருந்துதான் போகிறது. சிக்கனம் என்ற பெயரில் பாக்கி வைத்து, கடைசியில் ஒன்றுக்கு இரண்டரையாகக் கொட்டிக் கொடுக்கும் இந்த நிர்வாகத்துக்குத் திறமை என்று பெயர்!

நிலமே இல்லாத நமக்கு இதில் என்ன என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் நினைக்கலாம். பழைய சட்டத்தில் நமக்கு ஒன்றுமே கிடையாது என்பது உண்மைதான். நிலம் போனால் அதில் வேலை செய்தவன் வெறுங்கையுடன் போக வேண்டியதுதான். ஆனால் 2013ஆம் ஆண்டு வந்த புதிய சட்டம், எடுக்கப்படும் நிலத்தில் மூன்று வருஷம் வேலை செய்து அதையே பிழைப்பாகக் கொண்ட விவசாயத் தொழிலாளியையும் குத்தகைதாரனையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒப்புக்கொள்கிறது. நாடு முழுவதும் நடந்த எத்தனையோ போராட்டங்கள் பெற்றுத் தந்த வரி அது. ஆகவே நாளைக்கு நம் கையிலும் டிக்ரி இருக்கும். நாமும் அதே வராந்தாவில் நிற்போம்.

கூலி விஷயத்தில் நாம் ஏற்கெனவே அங்கே நின்றிருக்கிறோம். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் 15 நாளில் கூலி என்று சொல்லிற்று. தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதம் நஷ்டஈடு. அதாவது 1,000 ரூபாய்க் கூலிக்கு ஒரு நாளைக்கு 50 காசு. இந்த 50 காசைக்கூட மத்திய சர்க்கார் கொடுக்க மனமில்லாமல், தங்கள் மட்டத்தில் ஏற்படும் தாமதத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டது. சுவராஜ் அபியான் வழக்கில் 2018 மே 18ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்தது. கூலியையும் நஷ்டஈட்டையும் கொடுத்துத் தீர்ப்பதற்குக் காலவரையுடன் அவசரத் திட்டம் போடு என்று உத்தரவிட்டது. நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டு சொன்னது! அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தாமதத்துக்கான காசு தன் கணக்கில் ஏறியதைப் பார்த்த தோழர் யாராவது இருந்தால் நமக்கு எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.

மில் தொழிலாளிகளுக்கு வேறொரு அனுபவம். நலிந்த பஞ்சாலைகளை 1974ல் மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, முதலாளியின் நாற்காலியில் சர்க்காரே வந்து உட்கார்ந்தது. தனியார் முதலாளி சம்பள பாக்கி கொடுக்காவிட்டால் என்ன வழி இருந்தது? 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் 33சி என்ற பிரிவு இருந்தது. பாக்கி இவ்வளவு என்று சர்டிபிகேட் வாங்கிக் கலெக்டருக்கு அனுப்பினால், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல் அவர் வசூலித்துத் தர வேண்டும். விபத்து நஷ்டஈட்டுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் இதே வழியைக் காட்டுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கிக்காரன் சர்க்காரின் கழகம். வசூலிக்க வேண்டியவர் சர்க்காரின் கலெக்டர். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை! சர்டிபிகேட் கலெக்டர் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து தாசில்தாருக்குப் போகும். அதன் பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை.

சரி, பாக்கிக்காரன் நாமாக இருந்தால்? நாம் சர்க்காருக்குக் கொடுக்க வேண்டியது என்றால் கோர்ட்டே வேண்டியதில்லை. 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. ரெவின்யூ அதிகாரியின் கையெழுத்தே போதும். வீட்டு வாசலில் தண்டோரா, அண்டா குண்டா ஜப்தி. நாம் சர்க்கார் மீது வழக்குப் போட வேண்டுமானாலோ, முதலில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஜெயித்து டிக்ரி வாங்கினாலும் மூன்று மாதம் காத்திருந்த பிறகுதான் அதை நிறைவேற்றக் கேட்கலாம். இது 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம். சாதாரண மனிதன் அப்பீலில் ஸ்டே கேட்டால் ஜாமீன் கட்டு என்பார்கள்; சர்க்காரிடம் அந்த ஜாமீனைக் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தில் விதி இருக்கிறது. பிரிட்டிஷ் முடியரசைக் காப்பாற்ற எழுதிய விதி அது. முடியரசு 1947ல் கப்பலேறிப் போயிற்று. விதி இங்கேயே தங்கிவிட்டது. காலனி காலத்து இந்த விதிக்கு இன்று இடமில்லை, சர்க்கார் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2019ல் சொல்லியிருக்கிறது. எந்த வழக்கில் என்று கேளுங்கள். ஒரு காண்டிராக்ட் கம்பெனி மேற்கு வங்க சர்க்கார் மீது போட்ட வழக்கில்!

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். சர்க்காரிடமிருந்து பணம் வாங்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடியும். 14 மாதத்தில் முடியும். வாங்கிக் காட்டியிருக்கிறார்கள்.

கெய்ர்ன் எனர்ஜி என்பது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எண்ணெய்க் கம்பெனி. ராஜஸ்தானில் எண்ணெய் எடுத்தது. 2006ல் அந்தக் கம்பெனி தன் இந்தியச் சொத்துகளை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றியது. அதில் வந்த லாபத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று இந்திய சர்க்கார் கூறியது. 2012ல் முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தி, 10,247 கோடி ரூபாய் வரி கேட்டது. கம்பெனியின் பங்குகளைப் பிடித்து விற்றது. இந்த மண்ணின் எண்ணெயில் லாபம் அடித்தவன் இந்த மண்ணில் வரி கட்டத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அது தனி விவகாரம். கம்பெனி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. 2020 டிசம்பரில் நடுவர் மன்றம் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 120 கோடி டாலர், அதற்கு மேல் வட்டி.

டெல்லி சர்க்கார் பணம் கொடுக்கவில்லை. அப்பீல் என்றது. கம்பெனி என்ன செய்தது? கூரை இடுக்கில் காகிதத்தைச் செருகிவிட்டுக் காத்திருக்கவில்லை. இந்திய சர்க்காரின் சொத்து உலகத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்தது. பல நாட்டுக் கோர்ட்டுகளில் தீர்ப்பைப் பதிவு செய்தது. 2021 மே மாதம் நியூயார்க் கோர்ட்டில் ஏர் இந்தியா மீது வழக்குத் தொடுத்தது. ஏர் இந்தியாவும் சர்க்காரும் ஒன்றுதான், ஆகவே விமானங்களைப் பிடிக்கலாம் என்றது. 2021 ஜூலையில் பாரிஸ் நகரில் இந்திய சர்க்காருக்குச் சொந்தமான சுமார் 20 கட்டிடச் சொத்துகளைப் பிரெஞ்சுக் கோர்ட்டின் உத்தரவுடன் முடக்கிவிட்டது. அவற்றின் மதிப்பு 2 கோடி யூரோவுக்கு மேல்.

அடுத்த மாதமே டெல்லியில் என்ன நடந்தது? ஆகஸ்ட் 5ம் தேதி லோக்சபையில் மசோதா வந்தது. 6ம் தேதி நிறைவேறியது. 9ம் தேதி ராஜ்யசபையிலும் நிறைவேறியது. முன்தேதி வரிச் சட்டத்தையே கைகழுவினார்கள். வழக்கை வாபஸ் வாங்கினால் பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் 7,900 கோடி ரூபாய் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தீர்ப்பு வந்து 14 மாதம்!

இந்தக் கம்பெனிக்கு மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. கலெக்டருக்குச் சர்டிபிகேட் இல்லை. பட்ஜெட்டில் ஒதுக்கீடு இல்லை என்ற பதில் இல்லை. பாரிஸில் ஒரு கட்டிடத்தின் மேல் கை வைத்ததும் பாராளுமன்றமே ஐந்து நாளில் சட்டத்தை மாற்றியது. நம்முடைய ஊர்த் தாய் ஆறு வருஷமாகக் கேட்கும் பணம் அந்தத் தொகையில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் போட நமக்குப் பொறுமை இல்லை. நமது மில் தோழர்கள் டீக்கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கட்டும்.

கம்பெனியிடமிருந்து நாம் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் தோழர்கள் கோபிக்க வேண்டாம். தீர்ப்பைப் பணமாக்குவது ஒரு தனி வேலை. அதை விடாமல் செய்தால்தான் நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ தீர்ப்பு வந்த அன்றைக்கு வக்கீலுக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நம்மிடம் பாரிஸில் தேடி அலைய ஆள் இல்லை என்பது சரிதான். ஆனால் நம்மிடம் சங்கம் இருக்கிறது.

சர்க்கார் தரப்பில் சொல்லும் சமாதானங்களையும் பார்த்துவிடுவோம். முதலாவது, பணம் ஒதுக்கப்படவில்லை என்பது. இது பச்சைப் பொய். அரசியல் சட்டத்தின் 202வது ஷரத்தை எடுத்துப் பாருங்கள். மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து கட்டாயமாகச் செலவு செய்ய வேண்டியவை எவை என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. கவர்னரின் சம்பளமும் படியும் அந்த வரிசையில் இருக்கின்றன. ஹைக்கோர்ட்டு நீதிபதிகளின் சம்பளம் இருக்கிறது. சர்க்கார் வாங்கிய கடனுக்கு வட்டி இருக்கிறது. அதே வரிசையில், எந்தக் கோர்ட்டின் தீர்ப்பையும் டிக்ரியையும் தீர்ப்பதற்கு வேண்டிய தொகையும் இருக்கிறது! இந்தச் செலவுகளுக்குச் சட்டசபையில் ஓட்டெடுப்பே கிடையாது. மத்திய சர்க்காருக்கு 112வது ஷரத்து இதையே சொல்கிறது. கவர்னரின் சம்பளம் ஒரு மாதமாவது தாமதமாயிற்று என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? அதே அந்தஸ்தில் அரசியல் சட்டம் உட்கார வைத்திருக்கும் ஏழையின் டிக்ரி மட்டும் ஏன் வராந்தாவில் நிற்கிறது?

போக்குவரத்துக் கழகங்கள் விஷயத்தில் தந்திரம் வேறு. கழகம் தனிக் கம்பெனி, அது நஷ்டத்தில் ஓடுகிறது, ஆகவே சர்க்காரின் தொகுப்பு நிதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் அரசு என்று எழுதியிருக்கிறது. கட்டணத்தை நிர்ணயிப்பது சர்க்கார். திறப்பு விழாவுக்குக் கொடி அசைப்பது மந்திரி. மனிதன் செத்தால் மட்டும் கம்பெனி வேறு, சர்க்கார் வேறா? அந்தக் கழகங்களில் உழைத்து ஓய்வுபெற்றவர்களின் நிறுத்தி வைக்கப்பட்ட பஞ்சப்படியும் இதே சாக்கில்தான் வருஷக்கணக்கில் இழுக்கப்பட்டது. 2024 ஜனவரி 9ம் தேதி வேலைநிறுத்தத்தில் அதுவும் ஒரு கோரிக்கையாக இருந்ததை நாம் மறக்கவில்லை.

இரண்டாவது சமாதானம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பஸ்ஸைப் பிடித்தால் கஷ்டப்படுவது ஜனங்கள்தானே? ஆஸ்பத்திரியின் கருவியை ஜப்தி செய்தால் நோயாளி என்ன ஆவான்? இது வெறும் சாக்கல்ல. பாதி வழியில் இறக்கிவிடப்படுபவன் நம்மவன். பெயர் கெடும் டிரைவரும் கண்டக்டரும் நமது வர்க்கம். ஆகவே ஜப்தியைக் கண்டு கைதட்ட நாம் தயாரில்லை. ஜப்தி வரை போகாமல் பணம் தானாக வரும் ஏற்பாடு வேண்டும் என்பதே நமது நிலை. அப்படி ஓர் ஏற்பாட்டைத் தென்னாப்பிரிக்காவில் செய்திருக்கிறார்கள். அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

1957ல், நிறவெறி ஆட்சியின் காலத்தில், அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். கோர்ட்டு என்ன தீர்ப்புச் சொன்னாலும் சர்க்காரின் சொத்தை ஜப்தி செய்யவே கூடாது என்று அதன் 3வது பிரிவு கூறியது. 1994ல் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. மண்டேலா ஜனாதிபதியானார். அந்தப் பிரிவு மட்டும் போகவில்லை. 2002ல் தீக்காயத்துடன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒரு மனிதர், அங்கே நடந்த சிகிச்சைத் தவறினால் பக்கவாதத்துக்கு ஆளானார். வழக்குத் தொடுத்தார். தவறு தங்களுடையதுதான் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. வைத்தியச் செலவுக்கு இடைக்காலத் தொகை கொடுக்கக் கோர்ட்டு உத்தரவிட்டது. உத்தரவு உத்தரவாகவே இருந்தது. பணம் வேண்டிய காலத்தில் வரவில்லை. 1957ஆம் ஆண்டுப் பிரிவே செல்லாது என்று அவர் தரப்பில் வழக்குப் போட்டார்கள். இதற்கு நியாதி வழக்கு என்று பெயர். 2008 ஜூன் 2ம் தேதி அரசியல் சட்டக் கோர்ட்டில் நீதிபதி மடாலா பெரும்பான்மைத் தீர்ப்பைக் கூறினார்: அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதம். நிறைவேற்றாமல் கிடக்கும் கோர்ட்டு உத்தரவுகள் எத்தனை என்று கணக்குக் கொடு என்றும் சர்க்காருக்கு உத்தரவிட்டார்கள். தீர்ப்பைக் கேட்க அந்த மனிதர் உயிரோடில்லை.

பாராளுமன்றம் அங்கேயும் இழுத்தடித்தது. 2011ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இறுதி உத்தரவு வந்து 30 நாளில் இலாகா பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உத்தரவைக் கஜானா இலாகாவுக்கே கொண்டுபோகலாம். அது 14 நாளில் கொடுக்க வேண்டும். அதுவும் தவறினால்தான் ஜப்தி. அப்போதும், எடுத்தால் மக்கள் சேவை குலையும், உயிருக்கு ஆபத்து வரும் என்ற பொருளைத் தொடக் கூடாது. நமது இரண்டாவது சமாதானக்காரர்கள் இந்தச் சட்டத்தை வாங்கிப் படிக்கலாம். அங்கேயும் எல்லாம் சரியாகிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கஜானாவின் வாசலுக்கே போய் நின்று கேட்கும் உரிமை ஏழைக்கு எழுத்தில் கிடைத்திருக்கிறது.

நாம் கேட்பதும் அதுதான். அப்பீல் காலம் முடிந்த டிக்ரி எதுவானாலும் இலாகாவின் தயவுக்குக் காத்திராமல் கஜானாவிலிருந்து நேராகப் பணம் போக வேண்டும். 202வது ஷரத்து அதற்குப் போதும். போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டஈட்டு நிதிக்குச் சர்க்காரே பொறுப்பேற்க வேண்டும். கொடுக்கப்படாத டிக்ரிகளின் பட்டியலை, ஜில்லாவாரியாக, தேதியுடனும் வட்டியுடனும் ஒவ்வொரு வருஷமும் சட்டசபையில் வைக்க வேண்டும். அப்பீலுக்குப் போகலாம் என்று எழுதிய அதிகாரியின் பெயரும், அதனால் ஏறிய வட்டியும் பக்கத்திலேயே இருக்கட்டும். பட்டியலைத் தயாரிக்கும் குமாஸ்தாவின் தலையில் பழியைப் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

இதைச் சர்க்கார் தானாகச் செய்யும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. எனவே சங்கக் கிளைகளுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. மில் கேட்டிலும் சேரியிலும் விசாரித்தால் டிக்ரி கையில் உள்ளவர்கள் தெருவுக்கு ஒருவராவது அகப்படுவார்கள். அவர்களைப் பட்டியல் எடுங்கள். உங்கள் ஜில்லாவில் எத்தனை டிக்ரி பாக்கி, மொத்தத் தொகை எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். தனித்தனியாக நிற்காமல் ஒரே நாளில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கலெக்டரின் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். அமீனா ஜப்திக்குப் போகும்போது டிக்ரிதாரர் பக்கத்தில் சங்கத் தோழர்களும் நிற்க வேண்டும். வழக்கமாக என்ன நடக்கிறது? அதிகாரி இரண்டு வாரம் டயம் கேட்கிறார். நமது வக்கீல் தலையாட்டிவிடுகிறார். அந்த இரண்டு வாரம் இரண்டு வருஷமாகிறது. டயம் கொடுத்தால் எழுதி வாங்குங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும். ஜில்லாக் கோர்ட்டு வளாகத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கிறது. முன்பு சொன்ன தாயை அங்கே அழைத்துக்கொண்டு போனோம். மனு கொடுத்திருக்கிறோம். வக்கீல் நியமனமாகி, கலெக்டருக்குச் சர்டிபிகேட் அனுப்பக் கேட்டிருக்கிறார். அந்தச் சர்டிபிகேட் எந்த மேஜையில் இருக்கிறது என்று வாராவாரம் போய்ப் பார்ப்பதற்கு ஒரு தோழரைப் போட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். சிவில் கோர்ட்டு டிக்ரிக்கு ஆயுள் 12 வருஷம்தான். அதற்குள் நிறைவேற்று மனுப் போடாவிட்டால் காகிதம் செத்துவிடும். ஹைக்கோர்ட்டு உத்தரவை மதிக்கவில்லை என்று அவமதிப்பு வழக்குப் போடுவதானால் ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். நில எடுப்பு வழக்கில் ஜெயித்துவிட்டுச் சும்மா இருக்கும் குடும்பங்கள் நமது கிராமங்களில் நிறைய இருக்கின்றன. இந்த வாரமே காகிதத்தை வெளியே எடுத்துத் தீர்ப்பின் தேதியைப் பாருங்கள். பத்து வருஷம் தாண்டியிருந்தால் நாளைக்கே சங்க ஆபீசுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.